ஒன்று இல்லாத மெஷின்

ஆரணிப் பக்கத்தில் கணக்குப் பாடத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள் அந்தக் காலத்தில் மொத்தமே ஒரு கைப்பிடிதான். அவர்களில் யாராயிருந்தாலும், எழுதி முடித்ததும் காகிதக் கட்டோடு கடைசியில் வந்து நின்ற இடம் ஜெயவதியின் மாடிப்படி. கீழே ஜரிகைக் கடை. மேலே ‘ஜினவாணி தட்டச்சுப் பயிலகம்’. படியேறும்போது மேலிருந்து டைப் சத்தமும் பின்தெருவிலிருந்து தறிச் சத்தமும் சேர்ந்து வரும். எது எதுவென்று வெளியூர்க்காரர்கள் கொஞ்ச நேரம் நின்று கேட்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு சந்தேகமே வந்ததில்லை.

கணக்கை டைப் அடிப்பது பாதி டைப், பாதி கோலம். மெஷினில் ஆங்கில எழுத்து இருக்கும், எண் இருக்கும், கூட்டல் குறி இருந்தால் அதிர்ஷ்டம். ஆல்ஃபா, பீட்டா, வர்க்கமூலம், இன்டெக்ரல் இதெல்லாம் கிடையாது. அந்த இடங்களை எண்ணி வெறுமனே விட்டுக்கொண்டே போக வேண்டும். பக்கம் முடிந்ததும் தாளை உருவி, மெல்லிய நிப்புப் பேனாவால் கறுப்பு மையில் ஒவ்வொன்றாக வரைய வேண்டும். அடுக்குக்கு உருளையை அரை வரி மேலே திருப்பணும், கீழெண்ணுக்கு அரை வரி கீழே. பத்துப் பக்கம் அடித்தால் சாதாரண டைப்பிஸ்டுக்குப் பைத்தியம் பிடிக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் வேலூரிலிருந்து வந்த ஒருவர், நாலு பேர் முடியாது என்று திருப்பியனுப்பிய கட்டை ஜெயவதியிடம் கொடுத்தார். அவள் அதை விருந்துக்கு வந்தவள் போல உட்கார்ந்து ரசித்து அடித்தாள். அன்றிலிருந்து அவள் ‘கணக்கு டீச்சர்’. கணக்கு அவளுக்குச் சுத்தமாகப் புரியாது. ஆனால் ரொம்பப் பிடிக்கும். எதற்காக இந்தக் குறி இங்கே தொங்குகிறது, அது ஏன் அதன் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று வந்தவர்களைத் துளைத்தெடுப்பாள். அவளுடைய இன்டெக்ரல் குறி பேர்போனது. மேலே கொக்கி, கீழே கொக்கி, நடுவில் ஒரே இழுப்பு.

மெஷினுக்கு இன்னொரு குறையும் உண்டு. 1 என்ற எண்ணுக்கு அதில் விசையே இல்லை. அந்த வகைப் பழைய மெஷின்களில் எண்வரிசை இரண்டில்தான் ஆரம்பிக்கும். ஒன்று வேண்டுமானால் ஆங்கிலச் சின்ன எழுத்து l-ஐ அடித்துவிட வேண்டியது. தாளில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும். புதிதாகச் சேரும் பெண்கள், “டீச்சர், ஒண்ணு எங்க?” என்று விசைகளின்மேல் தேடுவார்கள். “எல்-ஐ அடி, போதும்” என்பாள் ஜெயவதி. சொல்லிச் சொல்லி அவளுக்கே ஒன்று என்றால் வலது கை மோதிரவிரல் தானாக l-க்குப் போய்விடும். கணக்கில் நிஜமான l வந்துவிட்டால் என்ன செய்வது? அதை அவள் மெஷினில் அடிக்கவே மாட்டாள். இடம் விட்டு, பேனாவால் சுழித்து எழுதுவாள். அதனால் அவள் பக்கங்களில் குழப்பம் வந்ததே இல்லை.

எண்பத்தாறாம் வருஷ மழைக்காலத்தில், பட்டு நூலை வேகவைத்த சோப்புத் தண்ணீரை யாரோ தெருவில் கொட்டியிருந்தார்கள். ஜெயவதி அதில் கால் வைத்து விழுந்தாள். வலது மணிக்கட்டு. கட்டுப் போட்டுக்கொண்டாள், எலும்பும் சேர்ந்தது, விரல்களும் பழையபடி விசைகளின்மேல் ஓடின. பேனாவைப் பிடித்தால் மட்டும் கை நடுங்கியது. எழுத்துக்கூடப் பரவாயில்லை, இன்டெக்ரலை இழுத்தால் புழு நெளிந்த மாதிரி வந்தது. அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் சுமதிராஜ் காந்தி ரோட்டுப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தார். அவரிடம்கூட, “கொஞ்சம் வலி இருக்குது” என்பதோடு நிறுத்திக்கொண்டாள். வெளியே தெரிந்தால் கணக்கு வேலை வராது. கணக்கு வராவிட்டால் மிச்சம் இருப்பது வக்கீல் நோட்டீசும் தாலுகா ஆபீஸ் மனுவும். அதை அடித்துக்கொண்டே வயசாகிவிடுமே என்று நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து அருணாச்சலம் வந்தார். முள்ளிப்பட்டுக்காரர். அப்பா இன்னமும் தறியில் உட்கார்ந்திருந்தார். மகன் கல்லூரியில் கணக்கு விரிவுரையாளர். வேலை பார்த்துக்கொண்டே வருஷக்கணக்காக எழுதிய ஆராய்ச்சி அது. ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமையோடு அவருடைய பதிவுக்காலம் முடிகிறது. அதற்குள் கொடுக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. முதல் அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டு, “மாதிரிக்கு ரெண்டு பக்கம் அடிச்சு வைங்க டீச்சர்” என்று சொல்லிப் போனார். ஜெயவதி அடித்தாள். குறிகளை வரைந்தாள், கிழித்தாள், திரும்ப வரைந்தாள். கடைசியில் கொடுத்த பக்கங்களில் இன்டெக்ரல்கள் ஓரளவுக்கு நேராக இருந்தன என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அருணாச்சலம் பார்த்தார், மடித்தார், பையில் வைத்தார்.

அடுத்த வாரமே திரும்பி வந்து நின்றார்.

“ஒரு பேஜார் டீச்சர். மெட்ராஸ்ல எங்க கைடு இருக்காரே, அவரு இனிமே தீசிஸ் எல்லாம் கம்ப்யூட்டர்லதான் வரணும்னு சொல்லிகினு இருக்காரு.”

சரி, இந்த வேலையும் போய்விட்டது என்று ஜெயவதி நினைத்தாள்.

“அப்ப மெட்ராஸ்லயே ஆள் பார்த்துக்கிறீங்களா?”

“அங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க இருக்காங்க, கணக்கு அடிக்கத் தெரிஞ்சவங்க இல்ல. நீங்கதான் வரணும். சனிக்கெழம மெஷின் காலியா இருக்குமாம், கேட்டுட்டேன்.” சொல்லிக்கொண்டே இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தார்.

ஒன்றில் அச்சுப்புத்தகத்தில் வருவது மாதிரி ஒரு சமன்பாடு. ஆல்ஃபா, அடுக்கு, இன்டெக்ரல் எல்லாம் மையில் வார்த்தது போல. மற்றதில் வெறும் ஆங்கில எழுத்துகள். நடுநடுவே டாலர் குறி, நெளிந்த அடைப்புக்குறி, பின்பக்கம் சாய்ந்த கோடு. ஜெயவதி முதல் தாளை அப்போதே மறந்துவிட்டாள். இரண்டாவது தாளில் விரலை வைத்தாள்.

“இது இன்னா, \alpha? பேரை எழுதி வெச்சிருக்குது?”

“ஆமா. நீங்க பேரை எழுதினா போதும். அது அந்த எழுத்தைப் போட்டுடும்.”

“யாரு வரையுறாங்க?”

“மெஷின்தான்.”

“அப்ப இன்டெக்ரல்?”

“அதுக்கும் பேரு இருக்குது. \int.”

ஜெயவதி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் ஒரு குறி. இந்தப் பக்கம் ஒரு கூரை மாதிரி அடையாளம், அந்தப் பக்கம் எண் மேலே ஏறியிருக்கிறது. டாலருக்கு மட்டும் அந்தப் பக்கம் ஜோடி இல்லை. அருணாச்சலம் சொல்லுமுன்பே, டாலர் வந்தால் கணக்கு ஆரம்பம், இன்னொரு டாலர் வந்தால் கணக்கு முடிவு என்று கண்டுபிடித்துவிட்டாள். வேலை போய்விட்டதே என்ற பயமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. கை வரைய வேண்டாம், பேர் சொன்னால் போதும் என்கிற ஒரு மெஷின் இந்த உலகத்தில் இருக்கிறது! அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

சுமதிராஜ் ராத்திரி கடையடைத்து வந்ததும், “சனிக்கெழமதோறும் மெட்ராசுக்கா? உனக்கு இன்னா வயசு ஆகுது?” என்றார். நாற்பத்தாறு ஆகிறது என்று அவளே சொன்னாள். மேலே அவர் வாதாடவில்லை. வாதாடி ஜெயித்த அனுபவம் அவருக்கு இல்லை.

சென்னையில் அருணாச்சலம் சொல்லிவைத்த ஆராய்ச்சிக் கூடத்தின் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே குளிர் எலும்பைத் துளைத்தது. அறைக்குப் பொறுப்பாளர் வேணுகோபால் என்பவர், அவளைவிட ஓரிரு வயசு மூத்தவராக இருக்கலாம், சட்டைக்கு மேலே கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆரணி என்றதும் முகம் மலர்ந்தது.

“நமக்குப் படவேடுங்க. ரேணுகாம்பா கோயில்லேர்ந்து கூப்பிடு தூரம்.” அடுத்த மூச்சிலேயே சட்டம் பேசினார். “பிரின்டர்ல இருக்கற மை சீமைலேர்ந்து வர்து. ஒரு தாளு வீணாக்கக் கூடாது. பழக மொதல்ல ஒரே ஒரு பக்கம் தர்றேன். அப்புறம் கடேசியில மொத்தமாத்தான்.”

ஜெயவதி விசைப்பலகையில் கை வைத்ததும் கேலிக்கூத்து ஆரம்பித்தது. பழைய மெஷினைக் குத்துகிற வேகத்தில் குத்தினாள். ஒரு a கேட்டால் ஐந்து a வந்தது. வரி முடிந்ததும் இடது கை தானாக உயர்ந்து, இல்லாத நெம்புகோலை அந்தரத்தில் தள்ளியது. வேணுகோபால் மஃப்ளருக்குள் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் அடுத்த வரியிலும் கை உயர்ந்தது.

பழகக் கிடைத்த அந்த ஒரு பக்கத்தில் அவள் போட்டது மூன்றே வரி. தலைப்பை நடுவில் வைக்க, வழக்கம்போல எழுத்தை எண்ணி, பாதியாக்கி, அத்தனை வெற்றிடம் தட்டினாள். அதன் கீழே, x-இன் அடுக்கில் n+2 வர வேண்டும் என்று $x^n+2$ என்று அடித்தாள். தாள் வெளியே வந்தது. தலைப்பு இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. n மட்டும் மேலே ஏறியிருந்தது. +2 கீழேயே நின்றுவிட்டது.

“நான் எண்ணி எண்ணிப் போட்ட எடத்தையெல்லாம் தின்னுட்டுதுங்களே!” ஜெயவதிக்கு நிஜமாகவே கோபம். இருபது வருஷமாக வெற்றிடத்தை எண்ணிப் பிழைத்தவள் அவள்.

“அதுக்கு எவ்ளோ எடம்னு நீங்க சொல்ல வேணாங்க,” என்றார் வேணுகோபால். “நீங்க நூறு தட்டினாலும் அது ஒண்ணாத்தான் எடுத்துக்கும். இது தலைப்பு, இது கணக்கு, இது அடுக்குன்னு இன்னா ஏதுன்னு மட்டும் சொல்லுங்க. எங்க வெக்கிறதுங்கிறது அதோட கவலை.”

“அப்ப +2 ஏன் கீழ நிக்குது?”

“நீங்க n-ஐத்தான் மேல ஏறச் சொன்னீங்க. மூணையும் சேத்து மூட்ட கட்டினீங்களா?” நெளிந்த அடைப்புக்குறியைக் காட்டினார். “இதுக்குள்ள போட்டுக் கட்டினா மொத்தமா ஏறும்.”

அன்று ஊருக்குத் திரும்பிய பஸ்ஸில் அவள் காஞ்சிபுரம் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். எங்கே என்று சொல்லாதே, என்ன என்று சொல். இத்தனை வருஷம் அவள் எல்லாருக்கும் ‘எங்கே’ மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ‘என்ன’ என்று அவள் கேட்டதையெல்லாம் வந்தவர்கள் பெண்பிள்ளையின் வாயாடித்தனம் என்று நினைத்துச் சிரித்தார்கள். இந்த மெஷின் சிரிக்கவில்லை. அதற்கு அது மட்டும்தான் வேண்டுமாம்.

வாரம் முழுக்க சனிக்கிழமைக்காகக் காத்திருக்க அவளால் முடியவில்லை. வகுப்பு இல்லாத மத்தியான நேரத்தில், கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டியதை டைப் மெஷினிலேயே அடித்துத் தயார் செய்துகொண்டாள். பின்பக்கம் சாயும் கோடு அதில் இல்லை. முன்பக்கம் சாய்வதைப் போட்டுக்கொண்டாள். நெளிந்த அடைப்புக்குறி இல்லை. சாதா அடைப்புக்குறிக்கு அடியில் கோடு போட்டாள். டாலர் இல்லை, சதவீதக் குறி. ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்த சுமதிராஜ் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னா இது? எவனுக்குத் தந்தி அடிச்சிகினு இருக்க?”

“மெஷினுக்கு.”

“பதில் வருமா?”

“வரும். தப்பா அடிச்சா கேள்வி கேக்கும்.”

உண்மையாகவே கேட்டது. அடித்துச் சேர்த்து வைத்த கோப்பை மெஷினில் ஓட்டினால் திரையில் ஏதாவது ஓரிடத்தில் நின்று, ஆச்சரியக்குறி போட்டு, டாலரைக் காணோம், நானே போட்டுக்கொண்டேன் என்று ஆங்கிலத்தில் சொல்லும். பிறகு ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு, மேலே போகட்டுமா என்று சும்மா காத்திருக்கும். ஜெயவதிக்கு இந்தக் குணம் ரொம்பப் பிடித்துவிட்டது. அவளிடம் தீசிஸ் கொடுத்தவர்களில் பாதிப்பேர் இவ்வளவு மரியாதையாகத் தப்பைச் சொன்னதில்லை. ஒரு மூட்டையைக் கட்டாமல் விட்டால் அதற்கப்புறம் பக்கம் பக்கமாகக் கெட்டுப்போவதையும் பார்த்தாள். அதிலிருந்து, திறந்ததும் மூடுவது, அப்புறம்தான் உள்ளே நிரப்புவது என்று வழக்கம் வைத்துக்கொண்டாள். அருணாச்சலத்தின் கணக்கில் நீளத்துக்கு l என்று வரும். அவள் வழக்கம்போல, “சுழிச்ச எல் வேணுங்க” என்றாள். வேணுகோபால் தடித்த கையேட்டைப் புரட்டி, அதற்கும் ஒரு பேர் இருக்கிறது என்று \ell-ஐக் காட்டினார்.

வாராவாரம் ஆரணித் தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தியாயம் அத்தியாயமாக உள்ளே ஏற்றினாள். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, மெஷின் ஒரு கேள்வியும் கேட்காமல் முடிக்கும்வரை திருத்தினாள். அந்தத் திரையில் கணக்கைக் கணக்காகப் பார்க்க வழியில்லை. பச்சை எழுத்தில் அவள் அடித்தது மட்டும்தான் தெரியும். வந்தது என்னவென்று தாளில்தான் பார்க்க வேண்டும், தாளோ வேணுகோபாலின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. பரவாயில்லை, மெஷினே தப்பில்லை என்கிறதே என்று அவள் நம்பினாள்.

கெடுவுக்கு முந்தின சனிக்கிழமை. அருணாச்சலமும் கூட வந்திருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் பிரின்டர் அவர்களுக்குக் கிடைத்தது. ஜெயவதி சமண வீட்டுப் பெண், பொழுது சாயுமுன் சாப்பிடுகிறவள். விளக்கு வைத்தபின் அவள் வீட்டில் யாரும் இலை போடுவதில்லை. பையில் எலுமிச்சைச் சாதம் இருந்தது. முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நின்றாள்.

முதல் பக்கம் வந்தது. தலைப்பு நட்டநடுவில். இரண்டாவது, மூன்றாவது. இன்டெக்ரல்கள்! மேலே கொக்கி, கீழே கொக்கி, நடுவில் ஒரே இழுப்பு. அவள் கை நன்றாக இருந்த காலத்தில் வரைந்ததைவிட நன்றாக இருந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பொறாமையே வரவில்லை. தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளி வைத்து, மறுபடி கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். அப்போதுதான் அருணாச்சலம் ஒரே இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

“டீச்சர், இது இன்னா?” இன்டெக்ரலின் தலையில் விரல் வைத்திருந்தார்.

“ஒண்ணு. பூஜ்யத்துலேர்ந்து ஒண்ணு வரைக்கும்.”

“ஒண்ணு இல்லீங்க. எல்.”

பார்த்தாள். பூஜ்யத்திலிருந்து l வரை என்று இருந்தது. அழகாகச் சாய்ந்த, மெலிந்த l. கணக்குக்குள் வரும் எழுத்தை அந்த மெஷின் சாய்த்துத்தான் போடும். எண்ணை நிமிர்த்திப் போடும். பக்கத்தில் இன்னொன்று, 12 இருக்க வேண்டிய இடத்தில் சாய்ந்த l-உம் நிமிர்ந்த 2-உம். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். அவளுடைய மோதிரவிரல் வாராவாரம் ஒழுங்காக, ஒன்று தப்பாமல், தன் பழைய வேலையைச் செய்திருந்தது. எல் என்பதும் கணக்கில் வரக்கூடிய எழுத்துதானே, மெஷின் எதற்குக் கேள்வி கேட்கும்?

“நிறுத்துங்க, நிறுத்துங்க,” என்று வேணுகோபால் ஓடி பிரின்டரை அணைத்தார்.

அருணாச்சலம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “என் கணக்குல நீளமும் எல்தான். எது ஒண்ணு, எது நீளம்னு ஒவ்வொரு வரியா யோசிச்சாத்தான் தெரியும். திங்கக்கெழமக்குள்ள எங்க ஆவும்?”

ஜெயவதிக்கு முகம் எரிந்தது. கை நடுங்குகிறதே என்று இத்தனை மாசம் பயந்தாள். கடைசியில் நடுங்காத விரல் காலை வாரியிருக்கிறது. கணக்கு வேலை இதோடு முடிந்தது என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அழுகையை அடக்க அந்த மூன்று தாளையும் திரும்பத் திரும்பப் புரட்டினாள். புரட்டும்போது ஓரிடத்தில் சுழித்த எல் கண்ணில் பட்டது. சாய்ந்தது இல்லை, சுழித்தது.

“நீளத்துக்கு நான் சாதா எல்-ஐப் போட்டதே இல்லீங்களே,” என்றாள். “என்னிக்குமே சுழிச்சதுதான். அதுக்குத்தான் பேரு கேட்டு வாங்கினேன். அப்படின்னா கணக்குக்குள்ள மொட்டையா நிக்கிற எல் எல்லாம் ஒண்ணுதான். ஒண்ணுகூட யோசிக்க வேணாம்.”

அருணாச்சலம் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். ஆமாம்.

இங்கே நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சந்தோஷம் ஆளைக் கெடுக்கும். “மொத்த எல்-ஐயும் ஒரே அடியா ஒண்ணா மாத்த முடியுமா?” என்று கேட்டாள். கோப்பை அடித்துத் திருத்தும் வேர்ட்ஸ்டாரில் முடியும் என்று வேணுகோபால் ஜல்தி ஜல்தியாகச் சொன்னார். அவளே விசையை அழுத்தினாள். முதல் அத்தியாயம் கண்ணெதிரே மாறியது. ஓட்டினார்கள். திரை முழுக்க ஆச்சரியக்குறியாக வந்து விழுந்தது. \alpha எல்லாம் \a1pha ஆகியிருந்தது. ஆங்கிலச் சொற்களில் இருந்த எல்கூட ஒன்றாகியிருந்தது. மெஷின், இப்படி ஒரு பேரை நான் கேள்விப்பட்டதே இல்லையே என்று வரிக்கு வரி கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது ஜெயவதிதான். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒன்று.

நல்லவேளையாகப் பழைய கோப்பின் நகல் ஒன்றை வேர்ட்ஸ்டார் தானாகவே எடுத்து வைத்திருந்தது. ஆனால் அறையைப் பூட்ட நேரமாகிவிட்டது. வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. வேணுகோபால் டீயும் பன்னும் வாங்கி வரச் சொன்னார்.

“எனக்கு வேணாங்க. பொழுது போயிடுச்சு.”

அருணாச்சலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. “அய்யோ டீச்சர், சாப்பிடவே இல்லியா? பையில சாதம் இருக்குதே!”

“காலைல பாத்துக்கலாம். எங்களுக்குப் பழக்கம்தான்.” அவள் குரலில் ஒரு குறையும் இல்லை. வேணுகோபால் பன்னைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமையானாலும் காலையில் தானே வந்து திறந்துவிடுவதாகச் சொன்னார். ஜெயவதி அன்றிரவு புரசைவாக்கத்தில் சித்தப்பா மகள் ரத்னாவதி வீட்டில் வெறும் வயிற்றோடு படுத்தாள், நன்றாகத் தூங்கினாள்.

காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். வேணுகோபால் குறுக்குவழி ஒன்றிரண்டு சொன்னார். “நேத்து ஒரு தடவ சூடு பட்டது போதுங்க,” என்று மறுத்துவிட்டாள். ஒவ்வொரு எல்-இலும் நின்று, மாற்றவா வேண்டாமா என்று மெஷினைக் கேட்கச் செய்தாள். வேண்டாம் என்றால் n, மாற்று என்றால் y. n, n, n, y, n. இரண்டும் வலது கை ஆள்காட்டி விரல். சொல்லில் இருந்தால் விட்டுவிடு, பேரில் இருந்தால் விட்டுவிடு, மொட்டையாக நின்றால் மாற்று. அருணாச்சலம் பக்கத்தில் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய கண் பின்தங்கிவிட்டது. வேணுகோபால் கதவருகே நின்று, “இன்னாங்க இது, தறி ஓடற மாதிரி ஓடுது,” என்றார்.

மத்தியானம் பிரின்டர் ஓடியது. ஒன்றுகள் நிமிர்ந்து நின்றன. அருணாச்சலம் கடைசிப் பக்கம்வரை நின்றுகொண்டே புரட்டினார். பிறகு சூடு ஆறாத கட்டை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

“தாள் வாங்கினதுக்கு ஒரு கையெழுத்து,” என்று வேணுகோபால் பதிவேட்டை நீட்டினார்.

தீசிஸ்காரர் அருணாச்சலம்தானே போட வேண்டியவர். ஜெயவதி அவரைப் பார்த்தாள். அவர் கை காலியாக இல்லை. பேனாவை வாங்கினாள். மணிக்கட்டை மேசையில் அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஜெயவதி என்ற பேர் அந்தக் கட்டத்துக்குள் நெளிந்து, கோட்டைத் தாண்டி, கீழே இறங்கிப் போயிற்று. வேணுகோபால் மஃப்ளரைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டார்.

“அது வந்து…” என்று ஆரம்பித்தாள் ஜெயவதி.

“தெரியும் டீச்சர்,” என்றார் அருணாச்சலம்.

“இன்னா தெரியும்?”

“மாதிரிக்குக் குடுத்தீங்களே ரெண்டு பக்கம், அப்பவே தெரியும். உங்க இன்டெக்ரல் அப்படி இருக்காது.”

அவள் பேனாவை மூடிவைக்க மறந்து அப்படியே நின்றாள். “அப்ப கைடு கம்ப்யூட்டர்லதான் வேணும்னாரே?”

“அவரு ஒண்ணும் சொல்லலீங்க. கையால எழுதிக் குடுத்தாக்கூட வாங்கிக்குவாரு. நான்தான் இங்க வந்து கேட்டுப் பாத்தேன்.”

“ஏங்க, இம்மாம் பேஜார் எதுக்கு? பஸ்ஸு, குளிரு, ராப்பட்டினி. நேரா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொன்னா, வேற டைப்பிஸ்டப் பாருங்கன்னு சொல்லியிருப்பீங்க.”

சொல்லியிருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே மூச்சில் வேணுகோபால் பக்கம் திரும்பி, “வர்ற சனிக்கெழம மெஷின் காலியாங்க? வேலூர்ல ஒருத்தரு கட்டு வெச்சிகினு காத்திருக்காரு,” என்று கேட்டாள். வேலூர்க்காரர் யாரும் அப்போது காத்திருக்கவில்லை. பிறகு கிடைத்தார், அவருக்குப் பின்னால் இன்னும் பலரும். பத்து வருஷத்துக்கு மேல் அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் ஜெயவதிக்கு ஜன்னலோர இடம் கிடைக்காமல் போனது அபூர்வம்.

அந்தத் திங்கட்கிழமை அருணாச்சலம் தீசிஸைக் கொடுத்த அதே நேரம், ஜினவாணிப் பயிலகத்தில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். தறிக்காரர் வீட்டுப் பெண், பேர் குணசுந்தரி. எண்வரிசையில் விரலை ஓட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“டீச்சர், ஒண்ணு எங்க?”

ஜெயவதி வாயைத் திறந்தாள். இருபது வருஷப் பதில் நுனிநாக்கில் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு குணசுந்தரியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இந்த மெஷின்ல ஒண்ணு கெடையாது. அதுக்குப் பதிலா எல்-ஐ அடிச்சுக்கோ,” என்றாள். “ஆனா அது ஒண்ணு இல்லன்னு ஞாபகம் வெச்சுக்கோ.”